பேசாத வீரனுக்கு யார் பெயர் வைத்தது?



வழமையாக இந்தப் பக்கத்தில் பழைய பள்ளிவாசல், பழைய துறைமுகம், பழைய பாடத்திட்டம் என்றுதான் எழுதுவோம். இன்று வீடியோ கேமின் வரலாறு. பெரியவர்கள் சிலருக்குச் சிரிப்பு வரலாம், பரவாயில்லை. தரம் 10 பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, இடைவேளை மணி அடித்த பிறகும் விடாமல் வாதாடிய விடயம் இது. கேமில் வரும் கதாநாயகன் வாய் திறந்து பேச வேண்டுமா, பேசாமலே இருப்பது நல்லதா?

“பேசாவிட்டால் அவன் பொம்மை சேர்” என்றது ஒரு கட்சி. “அவன் பேசினால் அது நாங்கள் இல்லையே சேர்” என்றது மற்றக் கட்சி. இரண்டாவது வாதம் எம்மைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. தேடி வாசித்துப் பார்த்தால், இதற்குப் பின்னால் நாற்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது.

பேசாத கதாநாயகன் பெரிய கலைத் தத்துவம் எதிலும் பிறந்தவன் அல்ல. இடநெருக்கடியில் பிறந்தவன். 1983 ஜூலையில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பனி ஃபமிகொம் என்ற விளையாட்டு இயந்திரத்தை வெளியிட்டது. 90களில் எமது வீடுகளில் டீவியோடு இணைத்து, மஞ்சள் கசட் போட்டு விளையாடினோமே, அந்த ‘டீவி கேம்’ இதன் நகல்தான். 1985இல் வந்த சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. 1986 பெப்ரவரி 21ஆம் திகதி ‘தி லெஜண்ட் ஒஃப் செல்டா’ வந்தபோது, அதற்கென்று வந்த புதிய டிஸ்கில் இருந்த இடம் 112 கிலோபைட்.

இதைப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினோம். தொலைபேசித் தரத்தில், சுருக்காமல் பதிவு செய்யும் மனிதக் குரலுக்கு ஒரு செக்கனுக்கு 8 கிலோபைட் வேண்டும். 112ஐ 8ஆல் வகுத்தால் 14. அதாவது காடு, மலை, குகை, அரக்கர், இசை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுக் குரல் மட்டும் வைத்தாலும் 14 செக்கன்தான். ஸலாம் சொல்லிச் சுகம் விசாரிப்பதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும்.

குரல் மட்டுமல்ல, எழுத்துக்கே பஞ்சம். அதே வருடம் மே மாதம் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ 64 கிலோபைட் கசட். ஜப்பானியரின் கத்தகானா எழுத்துகள் அத்தனையையும் அதில் வைக்க இடம் போதவில்லை. ஏறத்தாழ 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எழுத்துகளால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்கும் ஊர்களுக்கும் வைத்தார்கள். தமிழில் 247 எழுத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் எமக்கு இதை வாசித்தபோது பாவமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

அந்தக் கேமை உருவாக்கிய யூஜி ஹோரி 1983இலேயே ‘போர்ட்டோபியா’ என்ற துப்பறியும் கேம் ஒன்றைச் செய்திருந்தார். அதில் விளையாடுகிறவர்தான் துப்பறியும் அதிகாரி. அவர் பேசுவதே இல்லை. கட்டளை மட்டும் கொடுப்பார். யாசு என்ற உதவியாளன்தான் எல்லோருடனும் பேசி, வந்து விபரம் சொல்வான். கதாநாயகன் மௌனமாக இருக்க, பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது என்ற இந்த ஏற்பாடு பிறகு எத்தனையோ கேம்களில் வந்துவிட்டது. 1998இல் வந்த செல்டாவில் லிங்கைச் சுற்றிப் பறந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் நாவி என்ற குட்டித் தேவதையை விளையாடியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இடமில்லாததால் வந்த மௌனத்துக்குள் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. செல்டாவிலும் டிராகன் குவெஸ்டிலும் தொடங்கும்போது கேம் கேட்கும் முதல் விடயம் பெயர். பிள்ளை தன் பெயரை எழுதும். அதன் பிறகு அதுதான் வீரனின் பெயர். செல்டாவின் வீரனுக்குக் கம்பனி வைத்த பெயர் ‘லிங்க்’. இன்று வாட்ஸ்அப்பில் “லிங்க் அனுப்புங்க” என்கிறோமே, அதே சொல். விளையாடுகிறவரையும் அந்த உலகத்தையும் இணைக்கிறவன் என்று அதை உருவாக்கிய மியாமொட்டோ விளக்கியிருக்கிறார். ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டு, வந்து உட்காரு என்று சொன்ன மாதிரி.

இதற்கிடையில் குரல் தொழில்நுட்பமே இல்லாமல் இருக்கவில்லை. 1980இல் கடைகளில் நாணயம் போட்டு விளையாடும் ‘பெர்சேர்க்’ என்ற இயந்திரத்தில் ரோபோக்கள் பேசின. எதிரிக்குத்தான் முதலில் வாய் கிடைத்திருக்கிறது!

பிறகு சீடி வந்தது. ஒரு சீடியில் 650 மெகாபைட், ஆகவே இடநெருக்கடி தீர்ந்தது. இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. நின்டெண்டோ தனது இயந்திரத்துக்குச் சீடி பூட்டுவதற்கு சோனியோடு சேர்ந்து வேலை செய்துவிட்டு, 1991இல் சோனியைக் கைவிட்டு பிலிப்ஸ் பக்கம் போனது. கோபப்பட்ட சோனி தனியாக உருவாக்கியதுதான் 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன். பிலிப்ஸோடும் நின்டெண்டோவின் வேலை முடியவில்லை. ஆனால் பிலிப்ஸின் இயந்திரத்தில் லிங்கைப் பாவிக்க அனுமதி கிடைத்தது. 1993இல் வந்த அந்தக் கேமில் லிங்க் பேசினான், நிறையவே பேசினான். இன்றுவரை இளைஞர்கள் அந்தக் காட்சிகளை வெட்டி எடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த நின்டெண்டோவின் சொந்த செல்டாக்களில் லிங்க் கத்துவான், மூச்சு வாங்குவான், அவ்வளவுதான்.

குரல் வந்ததும் பெயருக்கு என்ன நடந்தது என்பதுதான் எமக்கு இதில் முக்கியமாகப் பட்ட இடம். 1997இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ மூன்று சீடியில் வந்தும் ஒரு வசனத்துக்குக்கூடக் குரல் இல்லை. அதே வரிசையில் 2001இல் வந்த பத்தாவது கேமில்தான் முதன்முதலாகக் கதாபாத்திரங்கள் பேசினார்கள். அதில் கதாநாயகன் டீடஸின் பெயரை விளையாடுகிறவர் மாற்றலாம். மாற்றக்கூடிய பெயரை நடிகர் எப்படி முன்கூட்டியே பதிவு செய்வார்? ஆகவே அவ்வளவு நீண்ட கதையில், அவனைக் காதலிக்கும் பெண் உட்பட, குரலில் பேசும் எவரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோரும் பேசும் உலகத்தில் பெயர் இல்லாத ஒருவன்.

2017 மார்ச் 3ஆம் திகதி வந்த செல்டாவில் இது மறுபக்கமாக நடந்தது. அதில்தான் அந்த வரிசையில் முதல்தடவையாக இளவரசியும் மற்றவர்களும் முக்கிய காட்சிகளில் குரலில் பேசினார்கள். இளவரசி வாயால் “லிங்க்” என்று கூப்பிட வேண்டும் அல்லவா? ஆகவே முப்பது வருடமாக இருந்த பெயர் எழுதும் இடத்தை எடுத்துவிட்டார்கள். வீரன் இன்னும் பேசுவதில்லை. ஆனால் அவனுக்கு இனி எங்கள் பிள்ளையின் பெயரும் இல்லை.

அந்தக் கேமில் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். இளவரசியின் நாட்குறிப்பு ஒன்று ஓரிடத்தில் கிடக்கும். ஏன் இவன் பேசுவதே இல்லை என்று அவள் கேட்டதற்கு, எல்லோருடைய கண்ணும் தன்மீது இருக்கும்போது சுமையை வெளியே காட்டாமல் தாங்க வேண்டும் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் அவன் பதில் சொன்னதாக அதில் எழுதியிருப்பாள். இடமில்லாததால் வந்த மௌனத்துக்கு 31 வருடம் கழித்து ஒரு காரணம் எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் பின்வாங்கில் இருந்துகொண்டு வாய் திறக்காத மூத்த மகன்மார் சிலரை எமக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டத் தோன்றியது.

பேச வைத்தால் எப்போதும் கெடும் என்று சொல்ல வரவில்லை. 2001இல் வந்த ஜிடிஏ 3இன் ஆள் பேசமாட்டான். அடுத்த வருடம் வந்த வைஸ் சிட்டியில் டொமி வெர்செட்டிக்கு ஹொலிவூட் நடிகர் ரே லியோட்டா குரல் கொடுத்தார். (நெற் கபேக்களில் அதை ஒளித்து ஒளித்து விளையாடிய தலைமுறை இன்று பிள்ளைகளின் போனைப் பறித்து வைக்கும் வாப்பாமாராக இருக்கிறது. பிள்ளைகளுக்கு உகந்த கேம் அல்ல என்பதை அன்றைக்கே சொன்னோம்.) அந்த ஆளுக்கென்று ஒரு கடந்தகாலமும் கோபமும் இருக்கிறது. அவன் நாங்கள் அல்ல, நாங்கள் பார்க்கும் இன்னொருவன். அப்படிப்பட்டவன் பேசத்தான் வேண்டும். 2008இல் ‘டெட் ஸ்பேஸ்’ கேமில் ஊமையாக இருந்த ஐசக்குக்கு 2011இல் குரல் கொடுத்தபோதும் அது பொருந்தியது.

பொருந்தாத இடமும் உண்டு. ‘மெட்ராய்ட்’ கேமின் சாமஸ் இருபத்து நான்கு வருடம் வாய்ப்பேச்சில்லாத வீராங்கனை. 2010இல் அவளை நீளமாகப் பேச வைத்தார்கள். பல ரசிகர்கள் ஏற்கவில்லை. தங்கள் மனதில் வைத்திருந்த சாமஸ் வேறு ஒருத்தி என்றார்கள்.

அமெரிக்காவின் ‘ஃபோல்அவுட் 4’ கதை இன்னும் தெளிவானது. 2015இல் அதில் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் ஆளுக்கு 13,000க்கு மேற்பட்ட வரிகளைப் பதிவு செய்தார்கள். இவ்வளவு உழைத்தும் விளையாடுகிறவருக்குக் கிடைத்தது, ஒரு தடவைக்கு நான்கு தெரிவு மட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் நடிகர் பேச வேண்டியிருப்பதால் பதில்கள் சுருங்கிவிட்டன. அதே கேமில் கொட்ஸ்வர்த் என்ற வேலைக்கார ரோபோ எஜமானைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக 900க்கு மேற்பட்ட பெயர்களைப் பதிவு செய்து வைத்தார்கள். நல்ல உழைப்பு. ஆனால் ஒவ்வொரு காலையும் வரவுப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடும் எமக்கு அந்த இடத்தில்தான் மனம் நின்றது. அந்தப் பட்டியலில் இல்லாத பெயரை எழுதினால் ரோபோ பெயர் சொல்லாமலே பேசும். ஷிம்லாவும் நுஸ்கியும் அஸ்ஜத்தும் அங்கே போனால் என்ன கேட்கும்?

அதே கம்பனி 2023இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ செய்தபோது 2,50,000க்கு மேற்பட்ட வசன வரிகளைப் பதிவு செய்தும், கதாநாயகனை மறுபடி பேசாதவனாகவே விட்டது.

எமது அபிப்பிராயம் இதுதான். உலகம் பேசட்டும். கடைக்காரனும் எதிரியும் தோழியும் வாய் திறந்து பேசினால் அந்த ஊரில் உயிர் இருக்கும். ‘ஹாஃப்-லைஃப்’ கேமின் ஃப்ரீமன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் அலிக்ஸ் அவன் பேசாததைச் சொல்லியே கேலி செய்வாள். மற்றவர்கள் அப்படிக் கவனித்து மறுமொழி சொல்லும்போதுதான் மௌனமாக இருப்பவனும் ஓர் ஆளாகிறான். ஆனால் பெயர் எழுதிக்கொள் என்று கொடுத்த இடத்தை மட்டும் திருப்பி எடுக்கக் கூடாது.

எமது பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனி நட்டம் இருக்கிறது. 2017 செல்டாவில் குரலுக்கு 9 தெரிவுகள் கொடுத்தார்கள். தமிழ் அதில் இல்லை, வேறு பெரிய கேம்களிலும் இல்லை. அந்த உலகத்தில் பேசாதவன் ஒருவன்தான் அந்நிய பாஷை பேசாதவன். அவனுக்குள் இருந்து தமிழில் யோசிக்க ஒரு பிள்ளையால் முடியும். 2023இல் கனடாவில் இருந்து ‘வெண்பா’ என்ற சிறிய கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, மகனோடு மெல்ல மெல்ல அறுந்து போகும் பாஷை. உரையாடல் எழுத்தில்தான், வானொலியில் தமிழ்ப் பாட்டு. அடுத்த வருடம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் கிடைத்தது. உம்மாமாரும் பக்கத்தில் இருந்து பார்க்கக்கூடிய கேம்.

பப்ஜி, ஃப்ரீ ஃபயரை விட்டுவிட்டு எழுதினால் பிள்ளைகள் கோபிப்பார்கள். அங்கே கதையும் பெரிதாக இல்லை, வீரனுக்குப் பேச்சும் பெரிதாக இல்லை. பேசுவது ஹெட்செட் போட்ட பிள்ளைதான். இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து “டேய், பின்னால எனிமி!” என்று கேட்கிறதே, அதுதான் அந்த வீரனின் குரல். சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். (பத்து மணிக்கு அது கேட்கக் கூடாது என்பது வேறு விடயம்.)

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். எந்தப் பெயரையும் உடனே உச்சரிக்கக்கூடிய குரலைச் செயற்கை நுண்ணறிவு இப்போது உண்டாக்குகிறது. ஷிம்லாவின் பெயரை இளவரசி வாயால் கேட்பது இனி கஷ்டமில்லை. ஆனால் அந்தக் குரல் ஒரு நடிகையின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்காவில் கேம்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள், தங்கள் குரலை அனுமதியும் கூலியும் இல்லாமல் இயந்திரம் பிரதி எடுக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஏறத்தாழ 11 மாதம் நின்றார்கள். எங்கள் பிள்ளையின் பெயர் கேட்க வேண்டும் என்ற ஆசையும், அவர்களின் கூலியும் இனி ஒரே மேசையில்தான் பேசப்படும்.

இன்று இரவு பிள்ளை போனைக் கீழே வைத்த பிறகு கேட்டுப் பாருங்கள், கேமில் உனக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறாய் என்று. சொந்தப் பெயரா, வேறு பெயரா, ஏன் அந்தப் பெயர் என்று எமக்கும் அறியத் தாருங்கள்.