அப்பாயியின் 177 ரூபாயும் தஞ்சாவூர் ராணியின் வழக்கும்

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது. முதியோர் உதவித்தொகை 2024-ல் மாதம் 1,200 ரூபாய் வந்தது. அது வந்ததா, எவ்வளவு எடுத்தோம், மிச்சம் எவ்வளவு, எல்லாம் மனப்பாடம்.

2024-ல் ஒருநாள் ஒரத்தநாடு கடைத்தெருவுக்குப் போய் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி வந்தேன். மூன்று மாதத்தில் மூன்று தடவை 177 ரூபாய் பிடித்திருந்தார்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லையாம். 150 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. படித்துச் சொன்னதும் அப்பாயி கேட்டது ஒரே கேள்வி: "யாரைக் கேட்டுடா எடுத்தான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வங்கி விதிகளைத் தேடப் போனவன், எங்கள் ஊர் சரித்திரத்தில் போய் நின்றேன். இந்தக் கேள்வியை 170 வருஷத்துக்கு முன்னாலேயே தஞ்சாவூரில் ஒரு ராணி கேட்டிருக்கிறார்!

எங்கள் ஊரில் முத்தம்மாள் சத்திரம் இருப்பது பல பேருக்குத் தெரியும். இரண்டாம் சரபோஜி மன்னர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்தம்பாள் நினைவாகக் கட்டியது. ஊருக்கே முத்தம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. அழகான அந்தக் கட்டடத்தைக் கட்டிய ராஜாவே மாதச் சம்பளக்காரர் மாதிரி வாழ்ந்தவர் என்பது நம் பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராத விஷயம்.

1799 அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சரபோஜி ஓர் ஒப்பந்தம் செய்தார். நாட்டை ஆளும் பொறுப்பு கம்பெனிக்குப் போனது. பதிலுக்கு ராஜாவுக்கு வருஷம் ஒரு லட்சம் வராகன், அதோடு நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கோட்டை மட்டும் அவர் கையில். "நிகர வருமானம்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வசூலிப்பவன் கம்பெனி, செலவைக் கழிப்பவன் கம்பெனி, மிச்சம் இவ்வளவுதான் என்று சொல்பவனும் கம்பெனி. பங்கு வாங்குபவர் கையில் கணக்குப் புத்தகம் கிடையாது.

சத்திரங்களுக்கும் இதே கதிதான் வந்திருக்கும். அவற்றின் வருமானம், மானியமாக விட்ட கிராமங்களிலிருந்து வந்தது. அது நின்றால் அடுப்பு அணையும். அதனால்தான் 1801-ல் சரபோஜி ரெசிடென்ட் பெஞ்சமின் டொரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வழிப்போக்கர்களுக்குச் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிகளுக்கு மருந்து என்று சத்திரங்களில் நடப்பதையெல்லாம் விவரித்து, அவற்றைத் தன் மேற்பார்வையிலேயே விட்டுவிடும்படி கேட்டார். ராஜா எழுதினாலும் அது ஒரு மனுதான்.

1855-ல் அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த வருஷம் கம்பெனியின் அதிகாரி ஃபோர்ப்ஸ் படையோடு வந்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றினார். அரசுச் சொத்து எது, குடும்பத்தின் சொந்தச் சொத்து எது என்று பிரிக்கவில்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஜெயித்தார்! கம்பெனி தரப்பு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859 ஜூலையில் தீர்ப்பு தலைகீழானது. இது ஓர் அரசின் செயல், சரியா தப்பா என்று விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ராணி சொன்னது பொய் என்று தீர்ப்பு சொல்லவில்லை. கேள்வி கேட்கவே இடமில்லை என்றுதான் சொன்னது. பிறகு 1862-ல் அரசாங்கமே மனது வைத்து சொந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. கிடைத்தது சொத்து, உரிமை அல்ல.

இதன் வால் இன்னும் நீள்கிறது. 1871-ல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. அதில் இரண்டு பிரிவுகள் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் பட்டன. 4-ம் பிரிவு: அரசு தரும் ஓய்வூதியம் பற்றி சிவில் கோர்ட்டில் நேராக வழக்குப் போட முடியாது. 11-ம் பிரிவு: கடன்காரன் கோர்ட் மூலமாக அந்த ஓய்வூதியத்தை ஜப்தி செய்யவும் முடியாது. ஒரு கை கதவைச் சாத்துகிறது, இன்னொரு கை காவல் நிற்கிறது.

கதவு திறக்க நூறு வருஷம் ஆனது. 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், அரசு ஊழியரின் ஓய்வூதியம் அரசு விருப்பப்பட்டால் போடும் பிச்சை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982-ல் நகாரா வழக்கில் அதை இன்னும் அழுத்திச் சொன்னது. 2008-ல் ராதேஷ்யாம் குப்தா வழக்கில், ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வைத்தாலும் ஜப்தியிலிருந்து அதற்குள்ள பாதுகாப்பு போகாது என்றது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு ஒரு வங்கி!

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டம் தடுப்பது கோர்ட் வழியாக வரும் ஜப்தியை. வங்கி எதற்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டும்? பணம் அதன் பெட்டியிலேயே இருக்கிறதே. 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. அப்போது தபால்காரர் மணியார்டரைத் திண்ணைக்கே கொண்டு வந்து, கைநாட்டு வாங்கி, எண்ணிக் கொடுப்பார். அவர் ஐந்து ரூபாய் கேட்டால்கூட முகத்துக்கு நேராகக் கேட்கவேண்டும், இவர்கள் திட்டலாம். வங்கிக்கு மாறியபின் கைநாட்டும் இல்லை, முகமும் இல்லை. பிடித்தபிறகு பாஸ்புக்கில் ஒரு வரி, அதுவும் பாதி எழுத்து இங்கிலீஷில்.

இது ஒரு பாட்டியின் பிரச்சினை இல்லை. 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. சில வங்கிகள் அதிலேயே கட்டணத்தைக் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்படிப் பிடிக்கக்கூடாது என்று அறிக்கை விட்டு, 1100 எண்ணில் புகார் செய்யச் சொன்னார்.

பணம் வாங்குகிற இடத்தில் இப்படி என்றால், கட்டுகிற இடத்தில் இன்னும் மோசம். 2016 மார்ச்சில் இதே ஒரத்தநாடு வட்டத்தில், டிராக்டர் கடனில் பெரும்பகுதியைக் கட்டிவிட்ட ஒரு விவசாயியை, மீதித் தவணைக்காக போலீஸ் வைத்து அடித்து இழுத்துப்போன வீடியோவை நாடே பார்த்தது. அறுவடை முடியட்டும் என்று கேட்ட மனிதர் அவர். கடனை வசூலிக்க அடியாள் வைக்கக்கூடாது என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1856-ல் அரண்மனைக்குப் படை வந்தது, 2016-ல் வயலுக்குப் போலீஸ் வந்தது. கணக்கைக் காட்டு என்று இரண்டு இடத்திலும் கேட்க முடியவில்லை.

சரி, அப்பாயி கதைக்கு வருவோம். தேடியதில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, 2012 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லா வங்கியிலும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு உண்டு. அப்பாயிக்கு சாதாரணக் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு, 2015 ஏப்ரல் முதல், அபராதம் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி ஒரு மாதம் அவகாசம் தரவேண்டும். அப்பாயிக்கு யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் தேதி, தொகையோடு எழுதி, அப்பாயியின் கைநாட்டை வைத்து கிளையில் கொடுத்தேன். "சிஸ்டம் பிடிக்குதுப்பா, நாங்க என்ன பண்றது" என்றார் கவுண்டரில் இருந்தவர். நகலில் சீல் போட்டுக் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 1995-ல் வந்த ஏற்பாடு இது. அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை. 19-வது நாள் 531 ரூபாயும் கணக்கில் வந்தது. கணக்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை. :-)

காமாட்சி பாய்க்கு லண்டன் வரை போயும் மூடியிருந்த கதவு, எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு ஒரு தாளில் திறந்தது. நடுவில் எத்தனையோ பேர் கேட்டுக் கேட்டுத் திறந்த கதவு அது. உங்கள் வீட்டிலும் ஒரு அப்பாயி, அம்மாயி பாஸ்புக் சுருக்குப்பையில் இருக்கும். இந்த வாரம் ஒருமுறை பதிந்து வாங்கிப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள்.