தன் பெயரைத் தானே வளர்த்த நடிகர்

1741ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆந் திகதி, இலண்டன் மாநகரின் கிழக்கே குட்மன்சு ஃபீல்ட்சு என்னுமிடத்திலிருந்த ஒரு சிறு நாடகசாலையிலே ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் றிச்சட்' நாடகம் நடைபெற்றது. தலைமை வேடம் பூணுபவர் யார் என்பதை விளம்பரத்தாள் கூறவில்லை. முன்னர் எம்மேடையிலும் தோன்றாத ஒரு கனவான் என்று மட்டுமே அதில் அச்சிடப்பட்டிருந்தது. அக்கனவானோ அதே ஆண்டுக் கோடையிலே இப்சுவிச் நகரில் லிடல் என்னும் புனைபெயருடன் மேடையேறிப் பழகியவர். ஆகவே, தலைநகரத்தார் அவரைப்பற்றி முதன்முதலாகப் படித்த செய்தியே பொய்ச் செய்தி! அவர்தாம் டேவிட் காரிக். அப்பொழுது அவருக்கு வயது 24.

பெயரை மறைத்தமைக்குக் காரணம் இருந்தது. 1737ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி பெறாத நடிகரை நாடோடிகளோடு ஒருங்கு வைத்து எண்ணிற்று. குட்மன்சு ஃபீல்ட்சு நாடகசாலைக்கும் அனுமதி இருந்ததில்லை. அங்கே இசைக் கச்சேரிக்கென்று நுழைவுச்சீட்டை விற்று, கச்சேரியின் இரு பகுதிகளுக்குமிடையே நாடகத்தை இலவசமாகக் காட்டுவதாகப் பாவனை பண்ணினர். காரிக்கின் தந்தையார் படைத்தலைவராயிருந்தவர். தமையனாரோ காரிக்கையும் பங்காளியாகக் கொண்டு மதுவணிகம் நடத்தி வந்தார். அத்தகைய குடும்பத்திலே கூத்தாடி ஒருவன் தோன்றுதல் தாங்கொணா மானக்கேடு. மறுநாளே காரிக் தமையனாருக்குக் கடிதம் எழுதி, தம் உள்ளம் நாடியது இத்தொழிலே என்பதையும், இதனால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 பவுண் கிடைக்கும் என்பதையும் பணிவாகவும் உறுதியாகவும் தெரிவித்தார். வணிகரான தமையனாருக்கு எழுதும்போது வருமானத்தை மறவாது குறித்தமை கவனிக்கத்தக்கது. எவரிடத்து எதனைச் சொல்லவேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

அக்காலத்து மூத்த நடிகரான ஜேம்சு குவின் போன்றோர் வசனத்தை நிறுத்தி நிறுத்தி, பாடுவது போல ஒப்புவிப்பர். காரிக்கோ முகத்தாலும் உடலாலும் விரைந்து நடித்தார். நகரின் மேற்குப் புறத்துச் சீமான்களின் வண்டிகள் கிழக்கே வந்து குவிந்தன. அடுத்த ஆண்டே அவர் அனுமதி பெற்ற பேரரங்காகிய ட்றூறி லேனிற் சேர்ந்தார்.

ஆயின், திறமையொன்றையே நம்பி அவர் வாளாவிருந்தவரல்லர். 1744இல் 'மக்பெத்' வேடத்தை முதன்முறையாக ஏற்கவிருந்த வேளையில், நடிப்பைப்பற்றிய சிறு நூலொன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. குட்டையான ஒருவர் அவ்வீரனாக நடிக்கத் துணிவதாவது என்று அது காரிக்கை நையாண்டி செய்தது. அதனை எழுதியவரும் காரிக்கே! உயரம் குறைந்தவர் என்று பிறர் நகைக்குமுன் தாமே நகைத்து, அவர்தம் வாயை அடைத்துவிட்டார். இச்செயலிலே சூழ்ச்சியுண்டு, அச்சமும் உண்டு. மேடையிற் புலியாயிருந்தவர் ஏளனத்துக்கு வாழ்நாள் முழுவதும் அஞ்சினார்.

ஓவியர் ஹோகாத், போருக்கு முந்திய இரவிலே பேய்க்கனவு கண்டு துணுக்குற்று விழிக்கும் றிச்சட்டாக அவரை வரைந்தார். அவ்வோவியம் 200 பவுணுக்கு விலைபோயிற்று. அதனினும் பெரிய பயன், 1746இல் அதன் அச்சுப்படங்கள் வெளிவந்தமையாம். நாடகசாலையை எட்டியும் பாராதவர் வீட்டுச் சுவரிலும் காரிக்கின் விரிந்த கை தோன்றலாயிற்று. 1762இல் றெனோல்ட்சு காட்சிக்கு வைத்த ஓவியத்திலே துன்பியல், இன்பியல் என்னும் இரு நங்கையர் ஆளுக்கொரு பக்கமாக அவரை இழுக்கின்றனர். எவ்வகை நாடகத்துக்கும் உரியவர் இவர் என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. 1764இல் பாரிசு நகரிலே தங்கியிருந்தபோது, தம் அச்சுப்படங்களைக் கேட்டு மக்கள் தொல்லை தருவதாக ஊருக்கு எழுதினார். தொல்லை என்றாரேயன்றி, படங்களை அனுப்பிவைக்கும்படி கேட்கவும் தவறவில்லை.

அந்நகரத்து அறிஞரிடையே அவர் காட்டிய வித்தையொன்றை டிடறோ பதிவு செய்துள்ளார். கதவிரண்டின் இடைவெளியில் தலையை மட்டும் நீட்டுவார். சில விநாடிகளுள் அவர் முகம் பெருமகிழ்ச்சியிலிருந்து அமைதி, வியப்பு, துயரம், அச்சம் எனப் படிப்படியாக இறங்கி, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே ஏறிவிடும். உடையில்லை, மேடையில்லை, மொழியுமில்லை. நடிப்புத் தேர்வுக்குச் செல்வோர் இன்று ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து பழகிக்கொண்டு செல்வதற்கு இதனைவிடச் சிறந்த முன்மாதிரி காண்பது கடினம். இவற்றையெல்லாம் தற்பெருமை என்று தள்ளிவிடல் எளிது. குரலைப் பதிந்து வைக்கும் கருவி எதுவும் அன்று இல்லை. திரை வீழ்ந்ததும் நடிகனின் கலை அழிந்தது. அவன் காப்பாற்றக்கூடியது பெயரொன்றே.

1747இல் ட்றூறி லேன் அரங்கின் பங்காளியாகி அதன் நிருவாகத்தை ஏற்றபின், பிறரைத் தேரும் பொறுப்பும் காரிக்கைச் சேர்ந்தது. சாறா சிடன்சு என்னும் நாட்டுப்புற நடிகையைப்பற்றிக் கேள்வியுற்று, ஆள் அனுப்பிப் பார்த்து வரச்செய்து, 1775ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி 'வெனிசு வணிகன்' நாடகத்திலே போர்சியாவாக மேடையேற்றினார். விளம்பரத்தாளில் அவர் பெயரும் இல்லை. ஓர் இளம்பெண் என்றே குறிக்கப்பட்டிருந்தது. காரிக்குக்கு வாழ்வளித்த அதே முகமூடி! ஆயின், 20 வயதினரான சிடன்சு இரண்டாம் மகவைப் பெற்று இரண்டு மாதமும் நிறையவில்லை. நடுக்கத்தால் அவர் குரல் அவையோர்க்கு எட்டவில்லை. மறைந்திருந்த பெயரை அறியவேண்டுமென்ற ஆவல் எவருக்கும் எழவில்லை. 1776இல் காரிக் ஓய்வு பெற்றார். அடுத்த பருவத்துக்குச் சிடன்சு வேண்டப்படவில்லை என்ற செய்தி கடித மூலம் அவருக்குக் கிடைத்தது.

அவர் ஊரூராக நடித்தார். பாத் நகரத்திலே சில ஆண்டுகள் உழைத்தார். 1782ஆம் ஆண்டு ஒக்டோபரில் ட்றூறி லேனுக்கு மீண்டு, 'இசபெல்லா' நாடகத்திலே அவையோரைக் கதறி அழச் செய்தார். அந்நாடகம் பழைய நூலொன்றைத் திருத்தி 1757இல் காரிக் அமைத்ததே. காரிக்கோ 1779இலேயே இறந்து வெசுட்மினிசுடர் பேராலயத்தில் அடக்கம் பெற்றுவிட்டார். 1784இல் றெனோல்ட்சு சிடன்சைத் துன்பியற் றேவியாக வரைந்து காட்சிக்கு வைத்தார். ஓவியத்திலே அவரது ஆடையின் கரையோரத்தில் தம் பெயரைப் பொறித்தார்.