கேர்னலுக்கு வெளியே வந்த ஆய்வுப்பெட்டி

உரும்பிராயில் பௌதிகவியல் படிக்கிற எங்கட பிள்ளைகளுக்காக நாங்கள் இதை எழுதுகிறோம்.

புதுடெல்லி இன்டர் யுனிவர்சிட்டி அக்செலரேட்டர் சென்டரில் அஜித் குமார் குழுவினர் உருவாக்கிய மலிவான ஆய்வுப்பெட்டிதான் ஃபீனிக்ஸ். முதலில் அது பரலல் போர்ட்டில் இணைந்தது. நேரத்தை மைக்ரோசெக்கனில் அளக்க வேண்டும். சாதாரண புரோகிராமோ இடையிடையே நின்றுதான் ஓடும். ஆகவே லினக்ஸ் கேர்னலுக்குள் டிரைவர் எழுதினார்கள். அங்கே ஒரு பிழை என்றால் முழுக் கணினியுமே உறைந்துவிடலாம். எந்தப் பாடசாலையில் அதைத் திருத்த ஆள் இருக்கு?

பிறகு நேரம் அளக்கும் வேலை பெட்டிக்குள் இருக்கும் ஏடிமெகா16 சிப்புக்குப் போனது. சீரியல் போர்ட்டில் பைட்டுகள் போய்வர லினக்ஸின் பொது டிரைவரே போதும், மிச்சமெல்லாம் பைதன். பின்னால் யூஎஸ்பியில் வந்த எக்ஸ்பைஸும் இதே வழிதான். பிழை வந்தால் அந்தப் புரோகிராம் மட்டும் நிற்கும். உயர்தர ஐசிடி படித்த பிள்ளையே கோப்பைத் திறந்து திருத்தலாம்.

உபுண்டுவில் போர்ட் திறக்க மறுத்தால், பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிடுங்கள்.