தேநீர்க் கடைகளும் கணிப்பொறியும்

சிற்றூரில் ஒரேயொரு கடை வைத்திருக்கும் வணிகருக்கு நிர்வாகத் தகவல் முறை என்பதொன்று தேவைப்படுவதில்லை. கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்தவாறே அவர் யாவற்றையும் அறிகிறார். எந்த மூட்டை குறைந்துவிட்டது, எந்தச் சரக்கு விலைபோகாமல் தங்கிவிட்டது, எந்த வாடிக்கைக்காரர் பாக்கி வைத்திருக்கிறார் என்பன எல்லாம் அவர் கண் முன்னரே உள்ளன. அவரே நூற்றைம்பது கடைகளுக்கு உரிமையாளராகிவிட்டால் நிலைமை வேறு. தம் கண்ணும் காதும் எட்டாத இடங்களிலிருந்து அவருக்குச் செய்தி வந்தாக வேண்டும். அச்செய்தி உண்மையாக இருக்க வேண்டும். காலம் கடவாமல் வர வேண்டும். முடிவு செய்யும் பொறுப்புடையவரிடமே வந்து சேர வேண்டும். இம்மூன்றும் தவறாமல் நடைபெறுவதற்குச் செய்யும் ஏற்பாட்டையே நிர்வாகத் தகவல் முறை என்று வழங்குகிறோம்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் முக்கியமான ஓர் அத்தியாயம் லண்டன் மாநகரின் தேநீர்க் கடைகளிலே எழுதப்பட்டது என்பதை நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஜே. லயன்ஸ் கம்பெனி தன் முதல் தேநீர்க் கடையை 1894ஆம் ஆண்டில் பிக்காடிலி வீதியில் திறந்தது. நாளடைவில் அக்கடைகள் பெருகின. தேயிலையைக் கலந்து பொட்டலமிடுவதும், ரொட்டியும் கேக்கும் சுடுவதும், ஐஸ்கிரீம் செய்வதும் ஆகிய எல்லாவற்றையும் கம்பெனியே நடத்தி வந்தது. ஆனால் கடைக்கு வருபவர் வாங்குவதோ ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பன் ரொட்டியுமே. அதில் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். பெருந்தொகைக்குக் கணக்கெழுதவும் சில்லறைக் காசுக்குக் கணக்கெழுதவும் குமாஸ்தாவின் உழைப்பு ஒன்றுதான். ஆகவே, கணக்கு எழுதும் செலவே இலாபத்தை விழுங்கிவிடும் அபாயம் அங்கு எப்பொழுதும் இருந்தது.

1923ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்னும் இளைஞர் அக்கம்பெனியில் சேர்ந்தார். நடந்து முடிந்ததைப் பேரேட்டில் பதிந்து வைப்பதோடு அலுவலகத்தின் கடமை தீர்ந்துவிடுவதில்லை, இனி நடக்க வேண்டியதைத் தீர்மானிப்பவர்களுக்கு அது வழிகாட்ட வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அலுவலக வேலை முறைகளை ஆராய்ந்து செப்பனிடுவதற்கென்றே 1930களின் தொடக்கத்தில் அக்கம்பெனியில் ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டில் கம்பெனியின் அதிகாரிகள் இருவர், அமெரிக்க அலுவலகங்களில் புது முறைகள் ஏதேனும் உண்டா என்று கண்டறியச் சென்றனர். அலுவலகங்களில் அவர்கள் கண்டது அதிகமில்லை. பிரின்ஸ்டன் நகரில் விஞ்ஞானிகளுடன் உரையாடியபோதுதான், விஞ்ஞானக் கணக்குகளுக்காக உருவாகி வந்த மின்னணுக் கணிப்பொறியை வணிகக் கணக்கிற்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அவர்களிடம் வலுப்பெற்றது. அத்தகைய பொறியொன்று தங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் உருவாகி வருவதையும் அங்கேதான் அறிந்தனர். கம்பெனி அப்பணிக்கு 3,000 பவுன் நன்கொடை அளித்து, உதவிக்குத் தன் ஊழியர் ஒருவரையும் அனுப்பியது. 1949 மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பொறி வெற்றிகரமாக இயங்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, ஜான் பிங்கர்டன் என்னும் பொறியியலறிஞரின் பொறுப்பில், தேநீர்க் கம்பெனி தனக்கென்றே ஒரு கணிப்பொறியைக் கட்டத் தொடங்கியது. அதற்கு ‘லியோ’ என்று பெயர்.

1951 நவம்பர் இறுதியில் லியோ தன் முதல் முறையான வேலையை ஏற்றது. ரொட்டிச் சாலைகளில் அவ்வாரம் தயாரான பண்டங்களின் மதிப்பைக் கணக்கிடுவதே அவ்வேலை. வணிக அலுவலகப் பணியொன்றை வாரந்தோறும் தவறாமல் செய்த முதல் கணிப்பொறி அதுவே. நம் நாட்டிற்கு முதல் மின்னணுக் கணிப்பொறி 1955ஆம் ஆண்டில்தான் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். பின்னர் சம்பளப் பட்டியலும் லியோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அனுபவமிக்க குமாஸ்தா எட்டு நிமிடத்தில் போடும் ஒருவருடைய சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

எனினும், விரைவு மட்டுமே தகவல் முறை ஆகிவிடாது. 1954ஆம் ஆண்டில் லியோ ஏற்ற மற்றொரு வேலையில்தான் அம்முறையின் இலக்கணம் தெளிவாகப் புலப்படுகிறது. ஏறத்தாழ 150 கடைகளுக்கு மறுநாள் வேண்டிய பண்டங்களை முன்தினமே தீர்மானித்து அனுப்ப வேண்டும். அதிகமாக அனுப்பினால் ரொட்டி காய்ந்து வீணாகும். குறைவாக அனுப்பினால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வழக்கமான தேவைப் பட்டியல் ஒன்று முன்னதாகவே வகுக்கப்பட்டது. கடையை நிர்வகித்த அம்மையார் அதில் மாறுதல் வேண்டுமானால் மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மறுமுனையில் அமர்ந்திருந்த பெண் அதைக் கேட்டவாறே அட்டையில் துளையிட்டுப் பதிவு செய்வார். அவ்வட்டைகளைக் கொண்டு, எந்தக் கடைக்கு எதனை எவ்வளவு கட்டி அனுப்புவது என்ற குறிப்புகளை லியோ அச்சிட்டுத் தரும். மேலதிகாரிகளுக்கு வேண்டிய விற்பனை விவரங்களும் அதே பதிவிலிருந்து கிடைத்தன.

இதில் அடங்கிய கோட்பாடுகள் மூன்று. வழக்கம்போல் நடப்பதைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறுபட்டதை மட்டும் தெரிவித்தல் முதலாவது. ஒருமுறை பதிந்த செய்தியைப் பல காரியங்களுக்குப் பயன்படுத்துதல் இரண்டாவது. தீர்மானத்திற்கு முன்னரே செய்தி வந்து சேர்தல் மூன்றாவது. இவற்றோடு நாம் மறக்கலாகாத ஒன்றும் உண்டு. தம் வட்டாரத்தில் நாளை கூட்டம் அதிகமா, குறைவா என்று அறிந்தவர் கடையிலிருந்த அம்மையாரே. அந்த அறிவை இயந்திரம் அப்புறப்படுத்தவில்லை. அது செல்வதற்கு ஒரு பாதையை அமைத்துக் கொடுத்தது. இப்பாதையை வகுப்பதில் முன்னின்றவர் டேவிட் காமினர். எந்த வேலையையும் பொறியிடம் ஒப்புவிக்குமுன், அவ்வேலை எதற்காகச் செய்யப்படுகிறது என்று அடி முதல் ஆராய்வது அவருடைய குழுவினரின் வழக்கம். அக்குழுவில் 1950களில் சேர்ந்து பணியாற்றிய பிராங்க் லாண்ட், பிற்காலத்தில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இத்துறையின் பேராசிரியராக விளங்கினார்.

இக்கதையின் பிற்பகுதி நம்மைச் சிந்திக்கச் செய்வது. லயன்ஸ் கம்பெனி லியோவைப் போன்ற கணிப்பொறிகளைப் பிறருக்கும் செய்து விற்றது. ஆனால் 1963ஆம் ஆண்டில் அத்தொழில் வேறொரு கம்பெனியுடன் இணைக்கப்பட்டது. முதல் லியோவின் இயக்கம் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 1970களில் லயன்ஸ் வெளிநாட்டு நாணயங்களில் பெருங்கடன் வாங்கி, பல நாடுகளில் கம்பெனிகளை விலைக்கு வாங்கியது. பவுனின் மதிப்பு வீழ்ந்தது. கடன் சுமை ஏறியது. 1978ஆம் ஆண்டில் கம்பெனி பிறர் கைக்குச் சென்றது.

நாளை எத்தனை ரொட்டி தேவை என்பதை அவ்வளவு நுட்பமாக அறிந்த கம்பெனிக்கு இக்கதி நேர்ந்ததேன் என்று கேட்கலாம். தகவல் முறை என்பது கேட்ட கேள்விக்கு விடை தரும் ஏற்பாடு. எதைக் கேட்பது, கிடைத்த விடையை எவ்வளவு நம்புவது, எந்தத் துணிவு தகும், எது தகாது என்னும் பொறுப்பு மனிதரைச் சார்ந்தது. இன்று நம் நாட்டில் சிறு கடைகளிலும் கணிப்பொறி புகுந்துவிட்டது. அச்சிட்ட தாள்களும் திரையில் ஓடும் எண்களும் குவிகின்றன. அவற்றைக் காணும்பொழுதெல்லாம் நிர்வாகி தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றே: இதைக் கொண்டு இன்று நான் எந்த முடிவைச் செய்யப் போகிறேன்? அதற்கு விடை இல்லையாயின், அத்தாள் வெறும் தாளே. கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்த பழைய வணிகர், தமக்குப் பயன்படாத எதையும் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.