புள்ளி ஒன்று வந்த வழி

ஹோம் தியேட்டர் பெட்டிகளில 5.1 எண்டு பெரிசா அச்சடிச்சிருக்கும். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூபர் எண்டு கடையில விளக்கம் சொல்லுவினம். கணக்குச் சரிதான். ஆனால் இருக்கிறதுக்குள்ளேயே பெரிய பெட்டிக்கு ஏன் புள்ளி ஒன்று மட்டும் கிடைத்தது? ஆறு எண்டே போட்டிருக்கலாமே. இதைத் தேடிப் போனால், அம்பிளிபயரின் பின்பக்கத்தில் தனியாக நிற்கும் அந்த ஒற்றை வயர்த் துளைக்குத்தான் வந்து சேருவோம்.

1974இல் யுனிவர்சல் நிறுவனம் 'ஏர்த்குவேக்' என்ற படத்தை வெளியிட்டது. லோஸ் ஏஞ்சலிஸ் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழும் கதை. அதைப் பார்க்கிறவர்களின் கதிரையும் நடுங்க வேண்டும் என்று சென்சரவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இதில் வேடிக்கை என்னவெண்டால், அந்த உறுமல் படச்சுருளில் பதிவாகி இருக்கவில்லை. சுருளில் இருந்தது ஒரு சமிக்ஞை மட்டும். அது வந்ததும் தியேட்டரில் வைத்திருந்த கருவியொன்று உறுமலை உண்டாக்கி, சேர்வின்-வேகா நிறுவனம் செய்த பெரிய பெட்டிகளுக்கு அனுப்பியது. ஹொலிவூட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழும் என்று பயந்து மேலே வலை கட்டினார்கள். விளம்பரத்துக்கும் அது வாய்ப்பாய்ப் போச்சு. நாலு படங்களோடு சென்சரவுண்ட் முடிந்தது. உறுமலை மட்டும் காட்டுற வித்தைக்கு அவ்வளவு ஆயுள் போதும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். 70 மில்லிமீற்றர் படச்சுருளில் ஆறு காந்த ஒலித்தடங்கள் இருந்தன. ஐந்து திரைக்குப் பின்னால், ஒன்று மண்டபத்துக்கு. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' வந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்த ஐந்தில் இரண்டைத் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒதுக்கினார்கள். இப்போது உறுமல் தியேட்டர்க் கருவியின் வேலையில்லை. எந்த இடத்தில், எவ்வளவு எண்டு தீர்மானிக்கிறது ஒலிக்கலவை செய்கிறவர். 1979இல் 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தில் மண்டபத்து ஒலியும் இடம், வலம் என்று பிரிந்தது. இண்டைக்கு எங்கட வீட்டு ஹோலில் இருக்கிற ஒழுங்கு அதுதான்.

பெயர் வந்தது 1987இல். படச்சுருளில் டிஜிட்டல் ஒலி பதிய எத்தனை தடம் வேண்டும் என்று அமெரிக்கத் திரைப்படப் பொறியியலாளர் சங்கத்தின் குழுவொன்று ஆராய்ந்தது. அப்போது ஒலிப் பொறியியலாளர் ரொம்லின்சன் ஹோல்மன் சொன்ன விடைதான் 5.1. தாழ்ந்த ஒலிக்கு ஒரு முழுத் தடத்தின் இடம் தேவையில்லை. முழுத் தடத்துக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள் வேண்டுமென்றால் இதற்கு 240 காணும், அதாவது இருநூறில் ஒரு பங்கு. கறாராய்ப் பார்த்தால் 5.005 என்றுதான் எழுதவேணும்! 1992இல் 'பட்மன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டொல்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது. 1995இல் லேசர் டிஸ்க், பிறகு டிவிடி என்று வீட்டுக்குள்ளும் வந்தது.

வீட்டில்தான் குழப்பம் தொடங்கியது. எல்.எஃப்.ஈ எனப்படும் இந்தப் புள்ளி ஒன்று தடம் 120 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க அதற்கு இடமுண்டு. ஆனால் வீட்டு அம்பிளிபயரின் சப்வூபர் துளையால் வெளியே வருகிறது அது மட்டுமில்லை. ஸ்பீக்கர்களைச் 'சிறியது' என்று அமைத்தால், அவற்றால் ஏலாத தாழ்ந்த ஒலியும் அந்த ஒரே வயரால்தான் வரும். பிரிக்கும் எல்லையாக 80 ஹேர்ட்ஸ் வழக்கத்துக்கு வந்தது ஹோல்மன் உருவாக்கிய ரிஎச்எக்ஸ் முறையால். 80 ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் நாலு மீற்றருக்கும் மேல். எந்த மூலையில் இருந்து வருகுது எண்டு காதுக்குப் பிடிபடாது. அதனால்தான் ஒரு பெட்டியே போதுமாயிருக்கு.

சொந்தமாகக் கரண்ட் எடுக்கும் சப்வூபருக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயர் கொழுவும் இடங்களும் இருக்கும். அவை அம்பிளிபயர்களில் சப்வூபர் துளையே இல்லாத ஸ்டீரியோக் காலத்துக்குரியவை. துளை இருக்கிற அம்பிளிபயரென்றால் அவற்றைத் தொடத் தேவையில்லை. ஒற்றை வயரை எல்.எஃப்.ஈ என்ற இடத்தில் கொழுவினால் சரி. அந்தப் பெயர் இல்லாட்டி இடது பக்கத் துளையில். சப்வூபரிலுள்ள பிரிப்புத் திருகியைக் கடைசிவரைக்கும் கூட்டிவிட வேணும், ஏனென்றால் பிரிக்கிற வேலையை அம்பிளிபயர் ஏற்கெனவே செய்துவிட்டது. ரெண்டு இடத்திலயும் 80இல் வைத்தால் அதே ஒலி இரண்டு தரம் வடிகட்டப்பட்டு மெலிந்துபோகும்.

எங்கட வீடுகளில அதிகம் நடக்கிறது இன்னொன்று. டிவிடி பிளேயரில் இருந்து சிவப்பு, வெள்ளை வயர் இரண்டால் அம்பிளிபயருக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த வழியில் ஆறு தடமும் இரண்டாகச் சுருங்கும்போது பெரும்பாலும் எல்.எஃப்.ஈ முழுதாகவே விடப்படும். ஆளில்லாத தடத்தைத் தேடிச் சப்வூபரின் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, பாட்டும் கதையும் கொழகொழத்துப் போகும். ஒரு டிஜிட்டல் வயர், இல்லாட்டி எச்டிஎம்ஐ, அதைத் திருப்பிக் கொண்டுவரும்.

கனடாவில இருந்து வந்த பெட்டியென்றால், எதையும் கொழுவ முதல் பின்னால் 230 வோல்ட்டுக்கு மாற்ற இடமிருக்கா எண்டு பார்க்கவேணும். எல்லாம் பூட்டின பிறகும் விடாமல் ஒரு 'ம்ம்ம்' கேட்டால் அது எங்கட கரண்டின் 50 ஹேர்ட்ஸ். சப்வூபர் நல்லாய்ப் பேசுகிற இடம் அது, ஒளிக்க ஏலாது. பெரும்பாலும் இரண்டு கருவிகளும் வேறு வேறு பிளக்கில் இருந்து கரண்ட் எடுப்பதால் வருவது, ஒரே பிளக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். எர்த் வயரை மட்டும் வெட்ட வேண்டாம்.