மணவயதும் மகப்பேறும்: இலங்கையில் ஒரு தீர்மானத்தின் வரலாறு

பிள்ளை பெறுவதா, பெறுவதாயின் எப்பொழுது என்னும் வினா, கணவன் மனைவி இருவருக்கிடையே தீரவேண்டிய அந்தரங்க விடயமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அரசர்களையும் போர்களையும் ஒப்பந்தங்களையும் பதிந்துவந்த வரலாற்று நூல்கள் அதனைத் தம் எல்லைக்குப் புறம்பாக விட்டுவந்துள்ளன. ஆயினும் இலங்கையின் குடிசன மதிப்பு அறிக்கைகளை ஆண்டு வரிசையில் வைத்து நோக்குமிடத்து, இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாகும். இலங்கைப் பெண்களின் சராசரி மணவயது 1901 இல் ஏறக்குறைய 18 ஆக இருந்தது. 1946 இல் அது 20.7 ஆகவும், 1963 இல் 22.1 ஆகவும், 1971 இல் 23.5 ஆகவும், 1981 இல் 24.4 ஆகவும் உயர்ந்தது. எண்பது ஆண்டுக் காலத்தில் ஒரு பெண்ணின் கன்னிப்பருவம் ஆறு ஆண்டுகளால் நீண்டுவிட்டது. அயல்நாடான இந்தியாவில் 1971 இல்கூடப் பெண்களின் மணவயது 17 அளவிலேயே நின்றதென்பதை நினைவிற் கொண்டால் இம்மாற்றத்தின் பருமன் விளங்கும். இந்த ஆறு ஆண்டுகளை நீட்டியவர் யார்? பெண் தானா, பெற்றோரா, அரசா, அல்லது காலச்சூழலா? இலங்கையின் சிறு குடும்பத்தின் வரலாறு இவ்வினாவிலேயே தொடங்குகின்றது.

முற்காலத்துக் குடும்பத்தில் பிள்ளைப்பேறு தீர்மானத்துக்குரிய பொருளாக இருந்ததில்லை. மணம் முடிந்தால் மகப்பேறு தொடரும். தொடராவிடின் நேர்த்தியும் விரதமும் தொடரும். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்ற நம்பிக்கை வறுமைக்கும் விடையாக அமைந்தது. வயலுக்குக் கை வேண்டும், முதுமைக்குத் துணை வேண்டும், இறுதியிற் கொள்ளி வைக்கப் பிள்ளை வேண்டும். இவை யாவற்றிற்கும் மேலாக, பெற்ற பிள்ளை தங்குமா என்ற அச்சம் எப்பொழுதும் உடனிருந்தது. 1934-35 ஆம் ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயின்போது, 1935 இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தன. நான்கில் ஒன்று மடியும் உலகில், எத்தனை பிள்ளை வேண்டுமென எண்ணிப் பார்ப்பதற்கு இடமேது? பலவற்றைப் பெற்றாற் சில எஞ்சும் என்பதே அக்காலத்துத் தாயின் கணக்காயிற்று.

இக்கணக்கை முதலில் மாற்றியது மரணத்தின் பின்வாங்கலாகும். 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதை நாட்டுக்கு அறிமுகஞ் செய்தது. 1931 இல் வழங்கப்பட்ட சர்வசன வாக்குரிமை, கிராமத்துத் தாயின் தேவையைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நுளம்பொழிப்புக்கு டி.டி.ரி. பயன்படுத்தப்பட்டது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 அளவுக்கு வீழ்ந்தது. சிசு மரண வீதம் 141 இலிருந்து 101 ஆகக் குறைந்தது. மகப்பேற்றின்போது தாய்மார் இறப்பதும் அதே காலத்தில் விரைவாகக் குறையலாயிற்று. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தகைய வீழ்ச்சியைக் கண்ட நாடுகள் மிகச் சிலவே.

பிள்ளைகள் தங்கத் தொடங்கியதும் குடும்பங்கள் தாமாகவே சுருங்கிவிடவில்லை. 1950 களின் தொடக்கத்தில் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 39 அளவில் இருந்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பெற்றாள். 1971 இல் பிறப்பு வீதம் 30 அளவுக்கு இறங்கியது. இவ்வீழ்ச்சிக்கு அரசின் குடும்பத் திட்டமே காரணமெனப் பலர் கருதுவர். கால வரிசையோ அக்கருத்துக்கு முழுமையாக இடந்தருவதாயில்லை. குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் அமைக்கப்பட்டது. சுவீடன் நாட்டின் உதவியுடன் முன்னோடித் திட்டம் 1958 இல் தொடங்கியது. அரசின் சுகாதார சேவையோடு குடும்பத் திட்டம் இணைக்கப்பட்டது 1965 இலேயே ஆகும். 1953 இற்கும் 1971 இற்கும் இடைப்பட்ட வீழ்ச்சியின் பெரும்பங்கு மணவயது உயர்ந்ததனால் விளைந்தது என்பதே சனத்தொகை ஆய்வாளரின் முடிபாகும். அதாவது, பிள்ளை பெறுவதை ஒத்திவைக்கும் செயல் மணவறைக்குள்ளே நிகழுமுன், மணப்பந்தலுக்கு வெளியே நிகழ்ந்துவிட்டது.

மணம் தாமதித்தமைக்குரிய காரணங்களுள் கல்வியை முதலிற் கூறல் வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மேலும் சில ஆண்டுகள் நிறுத்தியது. 1901 இல் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. 1981 இல் அத்தொகை ஏறக்குறைய 83 ஆயிற்று. படித்த பெண் ஆசிரியையாகவோ தாதியாகவோ எழுதுவினைஞராகவோ வரலாம் என்ற எதிர்பார்ப்பு குடும்பத்தில் எழுந்தது. படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை வேண்டும். அவனுக்கு உத்தியோகம் வேண்டும். உத்தியோகமுள்ளவனுக்குச் சீதனம் வேண்டும். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே தாய்வழிச் சொத்தாகப் பெண்ணுடன் சென்ற சீதனம், உத்தியோக வர்க்கம் தோன்றியபின் மாப்பிள்ளையின் பதவிக்கேற்ற விலையாக உருமாறியது. தங்கைமாரைக் கரைசேர்க்காமல் தமையன் மணமுடிப்பதில்லை. அக்காவை வீட்டில் வைத்துக்கொண்டு தங்கையைக் கொடுப்பதில்லை. இவ்வொழுங்கில் ஒருத்தியின் தாமதம் உடன்பிறந்தார் அனைவரின் தாமதமாயிற்று.

இவற்றோடு எவரும் திட்டமிடாத இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் ஆண்கள் தம்மினும் ஐந்தாறு வயது இளைய பெண்களையே மணந்துவந்தனர். 1947 இன் பின்னர் பிறந்து உயிர்பிழைத்த பெருந்தொகைப் பெண்கள் 1960 களின் இறுதியில் மணவயதை எய்தியபோது, அவர்களுக்குரிய மாப்பிள்ளைகள் அதற்கு முந்திய காலத்தில், குழந்தைகள் அதிகமாக மடிந்த ஆண்டுகளில், பிறந்தவர்களாயிருந்தனர். ஆதலால் மணமகன்மாருக்குத் தட்டுப்பாடு தோன்றியது. மலேரியாவை ஒழித்த மருந்தே இருபது ஆண்டுகளின் பின்னர் பெண்களைக் காத்திருக்க வைத்தது எனலாம். ஆண்களின் சராசரி மணவயது 1946 முதல் 1981 வரை 27 இற்கும் 28 இற்கும் இடையே ஏறத்தாழ அசையாது நிற்க, பெண்களின் மணவயது மட்டுமே உயர்ந்துசென்றமை ஈண்டு நோக்கற்பாலது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தல் அவசியம். காத்திருத்தல் வேறு, தீர்மானித்தல் வேறு. 1971 ஏப்ரலில் ஆயுதம் ஏந்திய இளைஞருட் பலர் படித்தும் தொழிலின்றி இருந்தவர்கள். அதே ஆண்டு ஒற்றோபரில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பு, பெண்களின் மணவயது 23.5 ஆக உயர்ந்திருந்ததைக் காட்டியது. இவ்விரு செய்திகளும் ஒரே தலைமுறையின் இரு முகங்கள். தொழிலில்லாத இளைஞன் மணத்தைத் தள்ளிப்போட்டான். அவனுக்கென நிச்சயிக்கப்படவேண்டியவள் வீட்டிற் காத்திருந்தாள். 1981 இல் 20 முதல் 24 வரையான வயதுப் பெண்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் மணமாகாதவர்கள். அவர்களுட் சிலர் படிப்பையும் தொழிலையும் விரும்பி மணத்தைப் பின்தள்ளியவர்கள். வேறு சிலர் சீதனம் சேரும்வரை வாசலைப் பார்த்திருந்தவர்கள். புள்ளிவிபரம் இருசாராரையும் ஒரே எண்ணுள் அடக்கிவிடுகின்றது. சிறு குடும்பத்தை நாட்டின் சாதனையாகப் போற்றுவோர் இதனை மறந்துவிடலாகாது.

மெய்யான தீர்மானம் மணவாழ்வினுள் நுழைந்தது 1970 களிலேயாகும். 1975 இல் நடாத்தப்பட்ட கருவள ஆய்வின்படி, மணமான பெண்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் ஏதேனுமொரு குடும்பத்திட்ட முறையைக் கைக்கொண்டிருந்தனர். 1987 ஆம் ஆண்டு ஆய்வில் அத்தொகை 62 சதவீதமாயிற்று. அவர்களுள் மூன்றிலொரு பகுதியினர் மாத்திரையையோ சத்திரசிகிச்சையையோ நாடாது, நாட்கணக்குப் போன்ற பழைய முறைகளையே பின்பற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது. நாட்கணக்கு முறை கணவனின் இசைவின்றி நடவாதது. ஆகவே, எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்பன பற்றிக் கணவனும் மனைவியும் பேசத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு இதுவே தக்க சான்றாகும். பள்ளி சென்ற தாய் தன் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்ப விரும்பினாள். படிப்பிக்கவேண்டிய பிள்ளை எண்ணிப் பெறவேண்டிய பிள்ளையாயிற்று. 1971 இல் நான்குக்குச் சற்று மேலிருந்த சராசரிப் பிள்ளைத்தொகை, 1987 ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றிலும் குறைந்தது.

இதே காலத்தில் அரசு இத்தீர்மானத்துக்கு விலை குறித்ததும் நிகழ்ந்தது. 1980 இல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு முதலில் 100 ரூபாவும் பின்னர் 500 ரூபாவும் கொடுப்பனவாக வழங்கப்பட்டன. வசதியுள்ள குடும்பத்துக்கு அது ஒரு பொருட்டன்று. அன்றாடங் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கோ அது சில வார உணவு. பசியுள்ளவரிடம் பணத்தைக் காட்டிப் பெறப்படும் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதமாகும் என்ற வினா அன்றே எழவேண்டியதாயிற்று.

மலையகத் தோட்டங்களில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அங்குள்ள பெண் பள்ளிக்கூடத்தினாலோ சீதனத்தினாலோ காக்கவைக்கப்பட்டவளல்லள். கொழுந்துக் கூடையே அவளது இளமையாயிருந்தது. 1948 இல் குடியுரிமை மறுக்கப்பட்ட அம்மக்களைப் பற்றி 1964 இல் இரு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 இல் சரிபாதியாகத் தீர்க்கப்பட்டது. அவ்வொப்பந்தம் இத்தொகைகளுடன் அவர்களின் இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்தே பேசியது. இன்னும் கருவிலே தரியாத குழந்தைகள் அங்கு முன்கூட்டியே இரு நாடுகளின் கணக்கில் வைக்கப்பட்டனர். எந்த நாட்டிற் பெற்றெடுப்பது என்பதையே தான் தீர்மானிக்க முடியாத இளந்தாயிடம், எப்பொழுது பெறுவது என்ற வினாவை எழுப்புவதெங்ஙனம்?

வடக்கு கிழக்கின் நிலையோ வேறொன்று. 1981 இன் பின்னர் முழு நாட்டையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பு 2012 வரை நடைபெறவில்லை. 1987, 1993 ஆம் ஆண்டுகளின் கருவள ஆய்வுகளில் வடக்கு கிழக்கு மாகாணங்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களையும் தழுவிய ஆய்வு 2016 இலேயே நடாத்தப்பட்டது. மேலே காட்டிய 62 சதவீதத்தினுள் யாழ்ப்பாணத்துப் பெண்ணோ மட்டக்களப்புப் பெண்ணோ பெரும்பாலும் இல்லை. இடம்பெயர்ந்த கொட்டிலிற் பிள்ளை பெற்றவளும், கடல் கடந்தவனின் கடிதத்துக்காகக் காத்திருந்தவளும், மணநாள் குறித்தபின் மணமகனை இழந்தவளும் ஒரு தலைமுறைக் காலத்துக்கு நாட்டின் புள்ளிவிபரத்துக்கு வெளியே நின்றனர். அவர்களின் தீர்மானங்கள் பதிவாகாத தீர்மானங்கள்.

அண்மைக் காலத்தில் வரலாறு மீண்டும் அதே சந்திக்கு வந்துள்ளது. 2019 இல் நாட்டில் ஏறக்குறைய 319,000 பிறப்புகள் பதிவாயின. 2023 இல் அத்தொகை ஏறக்குறைய 248,000 ஆகக் குறைந்தது. வீழ்ச்சி 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்கு முன்னரே தொடங்கிவிட்டதெனினும், பால்மாவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற அவ்வாண்டு இளம் தம்பதியரின் தயக்கத்தை மிகுவித்திருக்கும் என ஊகித்தல் தவறாகாது. பிறப்புக் குறைவதைக் கண்டு இன்று கவலுறுவோரும், முன்னர் பிறப்பு மிகுந்ததைக் கண்டு கவலுற்றோரைப் போன்றே எண்ணிக்கையை மட்டும் நோக்குகின்றனர்.

இலங்கையின் அனுபவம் புகட்டும் பாடம் பிறிதொன்றாகும். ஒரு சமுதாயத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்பதைக் கொண்டு அச்சமுதாயத்தின் வளர்ச்சியை அளந்துவிட முடியாது. பிள்ளை பெற்றவர் விரும்பிப் பெற்றாரா, ஒத்திவைத்தவர் தாமே ஒத்திவைத்தாரா என்பதே அளவுகோலாக வேண்டும். கல்வியும் சுகாதாரமும் பெண்ணின் கையில் ஒரு தீர்மானத்தை வைத்தன. வேலையின்மையும் சீதனமும் ஒப்பந்தங்களும் போரும் அதனைப் பலரிடமிருந்து பறித்துக்கொண்டன. இருபது வயதைக் கடந்து பட்டமும் தொழிலும் தேடிநிற்கும் இளைஞரும் யுவதிகளும் தமது மணத்தையும் மகப்பேற்றையும் பின்தள்ளும்போது, அது அவர்களின் தெரிவா, அன்றி அவர்கள்மீது சுமத்தப்பட்ட காத்திருப்பா என்பதைச் சமுதாயம் கேட்டறிதல் வேண்டும். அதற்குரிய விடையைக் குடிசன மதிப்பின் அட்டவணைகளில் மட்டும் தேடிப் பயனில்லை. அவர்களுக்குத் தொழிலும் வீடும் அச்சமற்ற வாழ்வும் உறுதியாக்கப்பட்ட பின்னரே அவ்விடை அவர்களின் சொந்த விடையாக அமையும்.