கடல் அலையில் கரண்ட்: லேப் மாடலில் ஒரு எல்.இ.டி. மட்டும் எரிவது ஏன்?

தொட்டியில் அலை எழும்புது, மாடலும் வேலை செய்யுது. ஆனா எரிவதோ ஒரே ஒரு எல்.இ.டி! மறைமலை நகர் பக்கம் இன்ஜினியரிங் படிப்பவர்கள் அலை மின்சாரத்தை ஃபைனல் இயர் புராஜெக்டாக எடுத்தால், "இவ்வளவுதானா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில்: ஆமாம், கணக்கே அப்படித்தான்.

விழிஞ்ஞம் கணக்கு

திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் 1991-ல் சென்னை ஐஐடி குழு அமைத்த அலை மின் நிலையத்தின் திறன் 150 கிலோவாட். கடலில் நிற்கும் கான்கிரீட் அறைக்குள் அலை ஏறினால் காற்று வெளியே தள்ளப்படும். இறங்கினால் உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் டர்பைன்தான் இதன் சூட்சுமம். (நம்ம பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், பின்னாளில் இந்த நிலையத்தை வைத்து கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தது.)

இதை 20-ல் ஒரு பங்கு அளவில் செய்தால்? 2 மீட்டர் அலை 10 சென்டிமீட்டர் ஆகும். நேரம் 20-ன் வர்க்கமூலத்தால் குறையும். 9 நொடிக்கு ஒன்று வரும் அலை 2 நொடிக்கு ஒன்றாக வர வேண்டும். திறனோ 20-ன் மூன்றரை அடுக்கு, அதாவது சுமார் 36 ஆயிரம் மடங்கு சுருங்கிவிடும். 150 கிலோவாட், வெறும் 4 வாட்! கப்பல் மாடல்களைச் சோதிப்பவர்களும் பின்பற்றும் ஃப்ரூட் விதி இது.

அந்த 4 வாட்டும் கிடைக்குமா?

கிடைக்காது. பேரிங்கின் உராய்வு 36 ஆயிரம் மடங்கு குறையாதே! குட்டி மோட்டாரே பாதியை விழுங்கிவிடும். அதனால்தான் ஆய்வகங்களில் பெரும்பாலும் டர்பைனே வைப்பதில்லை. அறையின் மேல் சின்னத் துளை போட்டு, உள்ளே அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் அளந்து பெருக்குவார்கள். அதுதான் திறன். எல்.இ.டி. எரிவது பார்க்க வருபவர்களுக்கு. ரிவ்யூவில் பேசுவது இந்த எண்.

இன்னொன்று, தொட்டியின் மறுமுனையில் கடற்கரை மாதிரி சரிவு வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் மோதித் திரும்பும் அலை எல்லா அளவீட்டையும் கெடுத்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மிதவை வகை

2022 நவம்பரில் தூத்துக்குடி கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில், 20 மீட்டர் ஆழத்தில் சென்னை ஐஐடி சோதித்த 'சிந்துஜா-1' வேறு ரகம். நடுவில் நிற்கும் தண்டைச் சுற்றி மிதவை ஏறி இறங்க, அந்த அசைவில் ஜெனரேட்டர் ஓடும். லேப்பில் இதைச் செய்தால் தண்டில் உரசும் இடம்தான் தலைவலி. முதல் முறை செய்பவர்களுக்கு, தண்ணீருக்குள் அசையும் பாகமே இல்லாத காற்று அறை வகை சுலபம்.